பந்தைத் தொடாத பந்தாட்டக்காரன்

அமெரிக்கப் பந்தாட்டத்தில் முன்வரிசைக்காரன் தொழில் மிகச் சுலபமானது: பின்னால் ஒருவர் பந்தோடு ஓடிப் பெயர் வாங்குவார், அவர் மேல் யாரும் விழாதபடி முன்னால் நின்று நாம் அடி வாங்க வேண்டும்.

பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்துவிட்டு, மேலே இருப்பவர் கையெழுத்துப் போட்டுப் பாராட்டு வாங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் குமாஸ்தா அண்ணன்மார்களே, கல்யாண வீட்டில் அடுப்படியிலேயே வெந்துவிட்டுப் பந்தியில் கடைசியாக உட்காரும் சமையல்காரர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது புரியாது. புரிந்தாலும் வலிக்காது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் நான் ரங்கூன் கப்பல்துறை ஜெட்டியில் அரிசி மூட்டை சுமந்தவன். பெயர் சடையன். ஆற்றங்கரையில் ஒரு எண்ணெய்க் கிடங்கு இருந்தது. அதை நடத்தியவர்கள் அமெரிக்கர்கள். கம்பெனியின் பெயர் இப்போது எதற்கு? அந்தத் துரைமார் தங்கள் ஊர்ப் பந்தாட்டம் இல்லாமல் ஏங்கிப் போயிருந்தார்கள். ஆட்டத்துக்குக் கட்சிக்குப் பதினொரு பேர் வேண்டும். அவர்களிடம் ஐந்து பேர்தான் தேறினார்கள். ஓடுவதற்கும் எறிவதற்கும் ஐந்து பேர் போதும். முன்னால் நின்று மோதுவதற்கு ஆறு பேர் வேண்டியிருந்தது. அந்த ஆறு பேரும் ஜெட்டித் தமிழர்கள். ஆட்ட நாளுக்குத் தனிக்கூலி. அந்த வகையில் நாங்கள் சம்பளத்துக்கு ஆடிய பந்தாட்டக்காரர்கள் என்று தைரியமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

கூலிக்காக மட்டும் நான் போகவில்லை. அப்போது எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். மனைவி மா கின், பர்மாக்காரி. நான் இருந்ததோ கூலிகள் தங்கும் கொட்டடி. ஒரே அறையில் நாற்பது ஆண்கள். பெண்பிள்ளை வாசல் படியைக்கூட மிதிக்க முடியாது. அவள் ஊருக்கு ஓரமாக, கெமண்டைனில் தன் அக்காள் வீட்டில் இருந்தாள். ஆட்டம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய் அவளைப் பார்ப்பேன். எங்களுக்கு நடுவில் அக்காள் உட்கார்ந்திருப்பாள். எனக்கு உலகத்தில் வேண்டியிருந்தது ஒரே ஒரு அறை. அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.

ஆள் எடுத்த விதம்

கரையிலிருந்து கப்பலுக்குப் போட்ட பலகையில் மூட்டையோடு நடக்கிறவனுக்கு ஒரு சட்டம் உண்டு. நிற்கக் கூடாது. பலகை துள்ளும். பின்னால் பத்து மூட்டைகள் வந்துகொண்டிருக்கும். நீ நின்றால் பின்னால் வருகிறவன் ஆற்றில் இருப்பான். ஆகையால் எதிரே யார் வந்தாலும் அவர்தான் ஒதுங்க வேண்டும். மேஸ்திரியானாலும் ஒதுங்குவார்.

ஒருநாள் நான் மூட்டையோடு பலகையில் ஏறிப் பாதி தூரம் போய்விட்டேன். நிமிர்ந்து பார்த்தால் மறுமுனையில் கையை அகல விரித்துக்கொண்டு ஒரு துரை நிற்கிறார். ஆறடி உயரம், சட்டைக் கையை மடித்து விட்டிருக்கிறார். அவர்தான் ஹார்லன் துரை. ஒதுங்குங்கள் என்று தமிழில் சொன்னேன், பர்மாப் பாஷையில் சொன்னேன், இந்துஸ்தானியிலும் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே நின்றார். எனக்கு நிற்க வழியில்லை. முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, தோளை அவர் நெஞ்சில் கொடுத்து, நடந்துகொண்டே இருந்தேன். துரை பின்பக்கமாகவே கப்பலுக்குள் போய், அடுக்கி வைத்திருந்த மூட்டைகளின் மேல் மல்லாந்து விழுந்தார்.

எங்கள் மேஸ்திரிக்கு வியர்த்துக் கொட்டியது. என்னை அன்றைக்கே கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். துரை எழுந்தார், தவிட்டைத் தட்டிவிட்டார், கூட வந்திருந்த தன் பட்லர் அந்தோணியிடம் ஏதோ சொன்னார். அந்தோணி எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள். துரையின் வாயும் காதும் அவர்தான். அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "'இவனை எடுத்துக்க, பேரைப் பொறவு கேட்டுக்கலாம்'ங்கிறாரு தொர."

என் பங்கு எப்போது

இன்சீன் போகும் ரயில் பாதை ஓரத்தில் ஒரு திடல். அங்கேதான் பயிற்சி. பந்து என்று ஒன்றைக் காட்டினார்கள். உருண்டையாக இல்லை. இரண்டு முனையும் கூராக, நார் உரிக்காத தேங்காய்போல் இருந்தது. அந்தோணி ஆட்டத்தை விளக்கினார். நாலு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் இன்னும் நாலு முயற்சி கிடைக்கும். எதிராளியின் கடைசிக் கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி, அப்புறம் பந்தை இரண்டு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் ஒன்று. முன்வரிசைக்காரன் கையால் யாரையும் பிடிக்கக் கூடாது. தோளாலும் நெஞ்சாலும் எவ்வளவு வேண்டுமானாலும் தள்ளலாம்.

பகல் முழுதும் தள்ளினோம். என் பக்கத்தில் நின்றவன் முனியாண்டி. என்னோடு ஒரே கப்பலில் வந்தவன், ஒரே கொட்டடி. தலையில் அடிபடாமல் இருக்கக் கொடுத்த தோல் தொப்பி அவனுக்குக் குடுமிக்கு மேல் உட்காரவில்லை. குடுமியை முன்னால் இழுத்துவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டான். எதிராளிகள் அவனைப் பார்த்துப் பாதி பயந்தது அந்தக் கோலத்தால்தான். மாலையில் பயிற்சி முடியும்போது, இன்றைக்குத்தான் என் முறை வரவில்லை, அடுத்த தடவையாவது பந்தை என்னிடம் கொடுப்பார்களா என்று நான் அந்தோணியை விசாரித்தேன். அவர் துரையைக் கேட்கவே இல்லை, தானே பதில் சொன்னார்.

"பந்து ஒன் சமாச்சாரம் இல்லப்பா சடையா. பந்துகிட்ட எவனாச்சும் வந்தான்னா அது ஒன் சமாச்சாரம்."

மிதித்தால் கும்பிட வேண்டும்

முதல் ஆட்டம் ஒரு சரக்குக் கப்பல் மாலுமிகளோடு. எனக்கு எதிரே நின்றவன் நல்ல பருமன். பந்து நகர்ந்தது, மோதினோம், என் கால் அவன் கால்மேல் ஏறி நன்றாக மிதித்துவிட்டது. உங்கள் கால் இன்னொருவர்மேல் பட்டால் என்ன செய்வீர்கள்? நானும் அதைத்தான் செய்தேன். குனிந்து அவனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனேன்.

நான் குனிந்தேனா, என் முதுகுக்கு மேலாகவே மூன்று மாலுமிகள் ஓடிப் போய் ஹார்லன் துரையை மண்ணோடு மண்ணாக்கிவிட்டார்கள். துரை எழுந்து வந்து, எனக்கு மயக்கம் ஏதாவது வந்ததா என்று கேட்டார். அந்தோணி விஷயத்தைச் சொன்னார். துரை வெகுநேரம் யோசித்தார். மரியாதையை விடச் சொல்ல அவருக்கு மனமில்லை. கும்பிட வேண்டியவர்களை எல்லாம் மனசில் குறித்து வைத்துக்கொண்டு ஆட்டம் முடிந்தபிறகு மொத்தமாகக் கும்பிட்டுவிடும்படி உத்தரவு வந்தது.

அப்படியே செய்தேன். ஆட்டம் முடிந்ததும் அந்தப் பருமன் மாலுமியைத் தேடிப் போய் அவன் காலைத் தொட்டேன். அவன் என்னையும் தன் பூட்ஸையும் மாறிமாறிப் பார்த்தான். அப்புறம் மளமளவென்று பூட்ஸைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வெறுங்காலோடு கப்பலுக்குப் போய்விட்டான். திருப்பிக் கொடுக்க ஓடினேன், வாங்க மாட்டேன் என்றுவிட்டான். அந்த பூட்ஸ் எனக்கு இரண்டு வருஷம் உழைத்தது. முனியாண்டி அதைக் கையில் வாங்கித் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அடுத்த ஆட்டத்துல நல்ல கோட்டுப் போட்டவனாப் பாத்து மிதிடா."

மறுநாள்

ஞாயிறு ஆட்டம், திங்கள் மூட்டை. தோள் வீங்கிக் கையைத் தூக்க முடியாது. முனியாண்டிக்கு ஒரு கண் மூடியிருக்கும். ஒரு திங்களன்று, இரண்டு மூட்டை குறைத்துக்கொள்ளலாமா என்று மேஸ்திரியிடம் மெதுவாகக் கேட்டேன். அவருக்கு நாங்கள் ஆடப் போவதே பிடிக்காது. நல்ல ஆள்களைத் துரைமார் கெடுத்துவிடுகிறார்கள் என்பது அவர் கட்சி. வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நேத்து வெள்ளக்காரன நெஞ்சால தள்ளுனவன் இன்னிக்கு அரிசி மூட்டயப் பாத்துப் பயந்தா, ரங்கூன் சிரிக்குமா சிரிக்காதா?"

ஏலேலோ

ஆட்டத்தில் எல்லோரும் ஒரே நொடியில் கிளம்ப வேண்டும். முந்தினால் குற்றம், பிந்தினால் அடி. கிளம்பும் நொடியைத் துரை இங்கிலீஷில் எண்களாகக் கத்துவார். எத்தனையாவது எண்ணில் கிளம்புவது என்று முன்கூட்டியே சொல்லி வைப்பார். எங்களுக்கு ஒன், டூ வரைக்கும் தெரியும். அதற்குமேல் போனால் ஆறு பேரும் ஆறு நேரத்தில் கிளம்புவோம். நடுவர் ஒரு கிழக் கேப்டன். எங்கள் கட்சிக்கு எதிராக அவர் ஊதிய விசிலுக்கு அளவே இல்லை.

முனியாண்டிக்குப் பொறுக்கவில்லை. "பாய்லர் தூக்குனப்ப எந்த நம்பர எண்ணித் தூக்குனோம்?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். அரிசி ஆலைக்கு வந்த பாய்லரை இருபது பேர் ஏலேலோ பாடி, ஐலசாவில் ஒரே மூச்சாகத் தூக்கியிருக்கிறோம். ஒருவன்கூட முந்தினதில்லை. அந்தோணி போய்த் துரையிடம் சொன்னார். அடுத்த வாரம் ஹார்லன் துரை பின்னால் குனிந்து நின்றுகொண்டு, தொண்டை கிழிய ஏலேலோ பாடினார். ராகம் சகிக்காது. ஆனால் ஐலசா வரும் இடத்தை அவர் தவறவிட்டதே இல்லை.

அன்றைக்கு எதிராளிகள் எங்கள் ஆறு பேர் சுவர் கிளம்பியதைப் பார்க்கவே இல்லை, அது அவர்கள் மேல் விழுந்தபிறகுதான் தெரிந்துகொண்டார்கள். முதல் தடவையாக ஜெயித்தோம். கொட்டடி வரைக்கும் பாடிக்கொண்டே போனோம். அதற்குமுன் நடுவர் கேப்டன் அந்தோணியைத் தனியாகக் கூப்பிட்டு, ஆட்டத்துக்கு நடுவில் பிரார்த்தனை செய்யலாமா என்று சட்டப் புத்தகத்தில் பார்க்க வேண்டும் என்றாராம். அதற்கு அந்தோணி சொன்ன பதில்: "பாருங்க தொர, ஆனா சொமை தூக்கறவன் பிரார்த்தனைய நிறுத்தச் சொல்ற சட்டம் எந்தப் புஸ்தகத்துலயும் இருக்காது."

மா கின் ஆட்டம் பார்த்தது

நாங்கள் ஆட ஆரம்பித்த மூன்றாவது வருஷம்தான் மா கின் ஆட்டம் பார்க்க வந்தாள். சும்மா வரவில்லை. மோய்ங்கா பானையும் சேமியாக் கூடையுமாகத் திடல் ஓரத்தில் கடை போட்டு, சேமியாமேல் அந்த மீன் குழம்பை ஊற்றிக் கொடுத்துக்கொண்டே பார்த்தாள். அன்று நாங்கள் ஜெயித்தோம். கூட்டம் ஹார்லன் துரையைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றியது. நான் மண்ணைத் துப்பிக்கொண்டு அவள் கடைக்குப் போய் உட்கார்ந்தேன். எனக்கு உள்ளுக்குள் வருத்தம்தான். மனைவி வந்த நாளிலாவது என் பெயரை யாராவது சொல்லியிருக்கலாம்.

துரையும் பசியோடு அந்தோணியைக் கூட்டிக்கொண்டு அதே கடைக்கு வந்தார். மா கின் ஒரு கிண்ணம் கொடுத்துவிட்டு, நான் தடுப்பதற்குள் அந்தோணியிடம் நேராகக் கேட்டுவிட்டாள். இந்த ஆறு பேரும் முன்னால் நின்று அடி வாங்குகிறார்களே, இவர்களுக்குக் கிடங்கில் நிரந்தர வேலை உண்டா, வேலைக்காரர் குடியிருக்கும் லயனில் ஒரு அறை உண்டா என்று. துரை சாப்பிடுவதை நிறுத்தினார். அறைகள் காலியாக இருக்கின்றன, ஆனால் கிடங்குக்கே தலைவரான பெரிய துரைக்கு இந்த ஆட்டமே வீண் செலவு என்று கோபம் என்றார். டிசம்பரில் மேல் பர்மாவிலிருந்து எண்ணெய்க் கிணறு தோண்டும் அமெரிக்கர்கள் பதினொரு பேர் வருகிறார்கள். அவர்களை ஜெயித்தால் ஆறு பேரையும் நிரந்தரமாக எடுத்துக்கொள்வதாகப் பெரிய துரை வாக்குக் கொடுத்திருக்கிறார். தோற்றால் கட்சி கலைந்துவிடும், எல்லோரும் ஜெட்டிக்கே திரும்ப வேண்டியதுதான்.

துரை போனபிறகு நான் அவளைக் கடிந்துகொண்டேன். இதையெல்லாம் பெண்கள் கேட்கலாமா என்றேன். பர்மாக்காரிகள் புருஷன் பெயருக்கு முன்னால் மரியாதைக்குக் 'கோ' சேர்ப்பார்கள். அவள் என் தலையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னாள்: "தொரை சட்டை வெள்ளையா இருக்கு, கோ சடை. ஆடினது யாருன்னு எனக்குத் தெரியாதா?"

தாண்டாத ஆறு பேர்

கிணற்றுக்காரர்கள் நீராவிப் படகில் வந்து இறங்கினார்கள். பதினொருவரும் இரும்புக் குழாய் தூக்கிப் பழகியவர்கள். அவர்களுடைய தலைவனுக்குச் செம்பட்டைத் தாடி. அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் செந்தாடி. பெரிய துரை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஜெட்டியே திரண்டு வந்திருந்தது. எங்கள் மேஸ்திரிகூட ஒரு மரத்தடியில் நின்றார். தற்செயலாக அந்தப் பக்கம் வந்தவர்போல் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. ஏலேலோ கேட்டது, சுவர் கிளம்பியது, கிணற்றுக்காரர்கள் பின்வாங்கினார்கள். நாலாவது தடவையோ என்னவோ, எனக்கு எதிரே நின்றவன் வழுக்கி என் காலடியில் குப்புற விழுந்தான். நான் நின்றுவிட்டேன். முனியாண்டிக்கு எதிரே இன்னொருவன் விழுந்தான். அவனும் நின்றுவிட்டான்.

படுத்திருப்பவனைத் தாண்டுவது நம்மில் யாருக்கும் வராது. தாண்டினால் படுத்திருப்பவனுக்கு வளர்ச்சி நின்றுபோகும் என்று பெற்றவள் சொல்லிச் சொல்லியே வளர்த்திருக்கிறாள். நாற்பது பேர் நெருக்கிப் படுக்கும் எங்கள் கொட்டடியில்கூட யாரும் யாரையும் தாண்ட மாட்டோம். சுவர் ஓரமாகவே சுற்றி, கால்மாட்டில் ஒதுங்கி ஒதுங்கித்தான் வாசலுக்குப் போவோம். பத்து வருஷப் பழக்கம் அது. திடலில் மட்டும் கால் வேறு எப்படி நடக்கும்?

செந்தாடிக்குப் புத்தி கூர்மை. இரண்டு தடவை பார்த்தான், புரிந்துகொண்டான். அதற்குப்பிறகு ஐலசா கேட்டதும் அவனோடு சேர்த்து ஏழு பேர் தொப்புத் தொப்பென்று எங்கள் காலடியில் விழுந்து படுத்தார்கள். வாய்க்காலைக் கண்ட மாடுபோல் நாங்கள் ஆறு பேரும் அப்படியே நின்றோம். மீதி நாலு பேர் இருபக்கமும் சுற்றி வந்து ஹார்லன் துரையை அமுக்கினார்கள். பாதி ஆட்டம் முடிந்தபோது அவர்கள் ஒரு தடவை எங்கள் கோட்டைத் தாண்டியிருந்தார்கள், உதைத்த பந்து மட்டும் கம்பத்துக்கு வெளியே போயிருந்தது. நாங்கள் தாண்டவே இல்லை. பெரிய துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டத்தில் மா கின் எங்கே இருக்கிறாள் என்று தேட எனக்குத் தைரியம் வரவில்லை. அறை கையைவிட்டுப் போவது கண்ணுக்குத் தெரிந்தது. போவதற்குக் காரணமும் நானேதான். செந்தாடி எங்களைக் கடந்து போகும்போது ஏதோ சொல்லிச் சிரித்தான். அதை அந்தோணி பல்லைக் கடித்துக்கொண்டு மொழிபெயர்த்தார்: "'படுத்துக்கிட்டே ஜெயிக்கிற ஆட்டத்த இன்னிக்குத்தான் பாக்கறேன்'ங்கிறான்."

ஒரு நிபந்தனை

இடைவேளையில் ஹார்லன் துரை கோபப்படவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். ஒருத்தர் வளர்ச்சியை நிறுத்துகிற பாவம் எங்களுக்கு வேண்டாம் என்றேன். செந்தாடி ஆறடி இரண்டு அங்குலம், இனிமேல் அவன் எங்கே வளரப் போகிறான் என்றார் துரை. அது அவன் விஷயம், தாண்டுவது என் விஷயம் என்றேன். துரை தலையைப் பிடித்துக்கொண்டார்.

எதிரே மா கின் எங்களுக்காகத் தண்ணீர்க் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். ஒரு சொம்பு மொண்டு என்னிடம் நீட்டினாள். அவர்கள் ஜனங்களும் தாண்ட மாட்டார்கள். அவள் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்குச் சின்னவயதுச் சண்டை ஒன்று ஞாபகம் வந்தது. என்னை ஒருத்தன் தாண்டிவிட்டான் என்று நான் அழுது ஊரைக் கூட்டினேன். பெரியவர்கள் அவனைக் காதைப் பிடித்து இழுத்து வந்து, வந்த வழியே திரும்பத் தாண்ட வைத்தார்கள். அதோடு தோஷம் கழிந்தது. நானும் இதோ ஐந்தரை அடிக்கு வளர்ந்திருக்கிறேன்.

"தாண்டறோம்," என்றேன் அந்தோணியிடம். "ஆனா ஆட்டம் முடிஞ்சதும் ஒவ்வொருத்தனையும் வந்த வழியே திரும்பத் தாண்டணும். அதுவரைக்கும் அவுங்க எந்திரிக்கப்படாது. தொர சம்மதிப்பாரா?" முனியாண்டியும் மற்ற நாலு பேரும் தலையாட்டினார்கள். துரை அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. இரண்டு தரம் திருப்பிச் சொல்லச் சொல்லி, சரியாகப் புரிந்துகொண்டார். அப்புறம் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தோணி சொன்னார்: "'கடைசித் தடவை மட்டும் தாண்டு. அவங்கள எந்திரிக்க விடாம நான் பாத்துக்கறேன்'ங்கிறாரு தொர."

தாண்டியது

துரையின் கணக்கு அதுதான். முன்னாலேயே தாண்டினால் செந்தாடி உஷாராகிவிடுவான். ஆகவே கடைசி வரைக்கும் நின்றுநின்று காட்டினோம். ஜெட்டிக் கூட்டம் எங்களைத் திட்டித் தீர்த்தது. நடுவில் ஒருமுறை துரை உயரமாக எறிந்த பந்தை இன்னொரு துரை ஓரமாக ஓடிப் பிடித்தார். அதனால் அவர்கள் கோட்டுக்கு ஆறு கஜத்துக்குள் வந்துவிட்டோம். அங்கே மூன்று முயற்சி வீணாயிற்று. மிச்சம் ஒன்று. ஒரு தடவை கோட்டைத் தாண்டி, அப்புறம் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்துவிட்டால் நாங்கள் ஒரு புள்ளி முந்திவிடுவோம்.

பின்னால் ஹார்லன் துரை ஏலேலோ எடுத்தார். எதிரே ஏழு பேரும் இப்போதே பாதி படுத்துவிட்டார்கள். ஐலசா.

தாண்டினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மனிதன் மேலாகக் காலைத் தூக்கி வைத்தேன். கால் நிற்கவில்லை. பக்கத்தில் முனியாண்டி தாண்டுவது தெரிந்தது. அந்தப் பக்கம் நின்ற நாலு பேர் எங்களை எதிர்பார்க்கவே இல்லை. முழங்காலை மடக்கி, பாய்லருக்கு அடியில் தோள் கொடுப்பதுபோல் கொடுத்தோம். நாலு பேரும் நின்ற நிலையிலேயே பின்னால் நகர்ந்தார்கள். கோடு வந்தது, போனது, அதற்குப் பிறகும் தள்ளிக்கொண்டே இருந்தோம். எங்களுக்குப் பின்னால் ஹார்லன் துரை பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உலாவப் போகிறவர்போல் நடந்து வந்து கோட்டைத் தாண்டினார். திடல் இரண்டுபட்டது. மேஸ்திரி தன் தலைப்பாகையை ஆகாயத்தில் எறிந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது. அழுதேன், அதைச் சொல்ல வெட்கமில்லை.

அதற்குள் துரை பந்தைக் கீழே போட்டுவிட்டு ஓடிப் போய்ச் செந்தாடியின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டார். மற்ற துரைமார் ஆளுக்கு ஒருவனை அமுக்கினார்கள். மிச்சம் இருந்த இரண்டு பேர், தலைவனே எழுந்திருக்காததைப் பார்த்துத் தாங்களும் பேசாமல் படுத்திருந்தார்கள். நாங்கள் ஆறு பேரும் வரிசையாக, வந்த வழியே ஒவ்வொருவரையும் பதமாகத் திரும்பத் தாண்டினோம். திடல் முழுதும் எட்டி எட்டிப் பார்த்தது. நடுவர் கேப்டன் புத்தகத்தை இரண்டு தரம் புரட்டிவிட்டு மூடிவிட்டார். அதன்பின் துரை கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்தார். ஜெயித்துவிட்டோம்.

செந்தாடி எழுந்து அந்தோணியிடம் விளக்கம் கேட்டான். முழுவதும் கேட்டபிறகு என்னிடம் வந்து கையை நீட்டினான். அவன் கேட்டதை அந்தோணி சொன்னார்: "'இப்ப எனக்கு வளர்த்தி பழையபடி வந்துரும்ல, நிச்சயமா?'னு கேக்குறாரு."

அறை

பெரிய துரை வாக்கு மாறவில்லை. மறுவாரமே ஆறு பேரையும் கிடங்கில் சேர்த்துக்கொண்டார். மேஸ்திரி எங்களை விடுவதற்குச் சுணங்கவில்லை. தன் ஆள்கள் வெள்ளைக்காரனை ஜெயித்த கதையைச் சொல்லியே அந்த வருஷம் அவர் நிறையப் புது ஆள்களைச் சேர்த்தார் என்று கேள்வி. வேலைக்காரர் லயனில் தகரக் கூரை போட்ட ஆறு அறைகள். என்னுடையது மூன்றாவது. கட்டில் போட்டால் நடக்க இடமில்லை, ஆற்றுப் பக்கம் ஒரு ஜன்னல்.

மா கின் ஒரு டிரங்குப் பெட்டியும் இரண்டு பானையுமாக வந்தாள். அதற்குமுன் கியாக்தான் வரைக்கும் போய், ஆற்றுக்கு நடுவில் இருக்கும் பயாவில், அதாவது புத்தர் கோவிலில், கும்பிட்டு, மீன்களுக்குப் பொரி போட்டுவிட்டு வந்திருந்தாள். பெட்டியைக் கீழே வைத்தாள். ஜன்னலைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்க்கவில்லை. நேரே கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டாள். எடுத்தாள். மறுபடி போட்டாள். நான் வெளியே போய்த் தள்ளிப் பார்க்க வேண்டும் என்றாள். போனேன், பலங்கொண்ட மட்டும் தள்ளினேன். கிணற்றுக்காரர்களை நகர்த்திய தோளுக்கு அந்தக் கதவு அசையவில்லை. உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

"உள்ளேருந்து பூட்டுது, கோ சடை."

நம்மைப் போன்றவர்கள் எப்படியும் யாருக்காகவோ முன்னால் நின்று அடி வாங்கத்தான் போகிறோம் என்பதால், கூடுமானவரைக்கும் கடைசியில் ஒரு கதவு கிடைக்கிற இடமாகப் பார்த்து வாங்கிக்கொள்வது உத்தமம்.